வாய்தான் தவறு

பையைக் கொஞ்சம் மெதுவா நகர்த்துங்க கண்ணு. கடகடன்னு சத்தம் கேட்குதேன்னு பயப்படாதீங்க. பாத்திரம் பண்டம் ஒண்ணும் இல்லை. என் பல்லுதான்.

இல்லைங்க, வாயில இருக்கிறது வாயிலேயே இருக்குது. பாருங்க. ஐம்பத்தொன்பது வயசுல முப்பத்தொரு பல்லு, எல்லாம் சொந்தப் பல்லு. ஞானப்பல்லு ஒண்ணுதான் குறைச்சல். அது போனதால ஞானம் ஒண்ணும் குறையலைன்னு நான் சொல்லுவேன். எங்க பல் டாக்டரம்மாகிட்டே கேட்டா பேச்சை மாத்திடுவாங்க.

பையில இருக்கிறது அச்சு. மெஷின்ல செஞ்சது. பத்தொன்பது கீழ்த்தாடை, பத்தொன்பதும் என்னோடது. குப்பையில போடச் சொன்னாங்க. சொந்த வாயை யாராவது குப்பையில போடுவாங்களா?

நீங்க இந்த பஸ்ல சத்தியமங்கலம் வரைக்கும் போறீங்களா? அப்படின்னா நிதானமா சொல்லலாம். நான் கோபிக்கு முன்னால கரட்டடிபாளையத்துல இறங்கிடுவேன். அதுக்குள்ள எனக்கு ஒரு விஷயம் தெளிவாகணும். அந்த ஊர்ல சிந்துஜான்னு ஒரு பொண்ணு இருக்கா. நாளைக்குக் காலையில கோயமுத்தூர்ல புது வேலையில சேரப்போறா. அவளைச் சேரவிடாம ஈரோட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். அவளைத் துரத்தினதே நான்தான்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. நீங்க பொது ஆளு. கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு நாகரத்தினம். ஈரோட்டுல சுகந்தி டாக்டரம்மாவோட பல் ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு வருஷமா முன்னாடி மேஜையில உக்காந்திருக்கேன். டோக்கன், போன், வர்றவங்களுக்கு ஆறுதல், எல்லாம் நான்தான். "வலிக்காதுங்க"ன்னு நான் சொன்னா பாதி வலி போயிடும். மீதிப் பாதியை டாக்டரம்மா பார்த்துக்குவாங்க.

சிந்துஜா பின்னாடி ரூம்ல வேலை செய்றவ. பல்லுக்கு மாட்டுற கேப்பு, கழட்டி மாட்டுற செட்டு, இதுக்கெல்லாம் படிச்சிருக்கா. இருபத்திநாலு வயசு. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருந்தா. அங்கே குடுக்கிற சாம்பாரை மனுஷி குடிக்க முடியாது. அதனால மத்தியானம் என் டிபன் பாக்ஸ்லதான் அவளுக்கும் சோறு. நான் பேசுவேன், அவ சாப்பிடுவா. அவ பேச்சு ரெண்டு வரிக்கு மேல போகாது. தந்தி அடிக்கிற காலத்துல பிறந்திருந்தா நல்லா மிச்சம் பண்ணியிருப்பா.

இப்ப மெஷின் கதைக்கு வர்றேன்.

எங்க ஆஸ்பத்திரியில கேப்பு போடணும்னா, பல்லுக்கு அளவெடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பணும். எட்டு நாள் ஆகும். எட்டு நாளும் ஆளுங்க பல்லு இல்லாம சிரிக்காம இருக்கணும். கல்யாண சீசன்ல கஷ்டம். டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்துச்சு. பல்லைப் படம் பிடிச்சு, அந்தப் படத்தைப் பார்த்து ரெசின்ல அச்சு வார்க்கிற பிரிண்டர் இருக்குதாம். பெரிய கம்பெனி மெஷின்னா கார் விலை. இப்ப ஃபிரிட்ஜ் விலையிலேயும் வருதாம். விலை குறைஞ்ச மெஷின் துல்லியமா அச்சு குடுக்குமா, குடுக்காதா? ஒரு முடி கனம் பிசகினாலும் கேப்பு உக்காராது. அதனால மூணு மெஷினைச் சோதனைக்கு வரவழைச்சு, நல்லதா ஒண்ணை எடுத்துக்கலாம்னு ஏற்பாடு.

சோதிக்க ஒரு வாய் வேணுமில்லீங்களா? நாள் முழுக்கப் பக்கத்துலேயே இருக்கிற வாய், பல்லு குறையாத வாய். "நாகாக்கா, உங்க வாய்தான் தோது"ன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. இருபத்திரண்டு வருஷத்துல என் வாயை அவங்க பாராட்டினது அது ஒரு தடவைதான்.

பல்லைப் படம் பிடிக்கிற குச்சி விலை ஜாஸ்தி. அதை மட்டும் விற்பனைக்காரத் தம்பி ஒருத்தர் ஒரே ஒரு நாளைக்குக் குடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை. வாய்க்குள்ள விட்டுச் சுத்திச் சுத்திப் பிடிச்சாங்க. டிவி மாதிரி ஒரு திரையில என் பல்லு பூசணிக்காய் அளவுக்குத் தெரியுது. எல்லாம் அழகு. கீழ்வரிசையில, இடது பக்கம், பின்னாலிருந்து ரெண்டாவது பல்லுல மட்டும் ஒரு கூர். அப்படியே மலை உச்சி. அந்தத் தம்பி பார்த்துட்டு, "மேடம், படிக்கட்டு வெட்டினா மேல கோயில் கட்டலாம்"ங்கிறார். எல்லாரும் சிரிச்சாங்க. சிந்துஜா கூடச் சிரிச்சா.

இது இங்கே சம்பந்தமில்லாத விஷயம், சும்மா சொல்றேன். அந்தக் கூர் ரொம்ப நாளா என் நாக்கைக் குத்திக்கிட்டுதான் இருந்துச்சு. அடுத்த வாரம் மூணு மெஷின் என் வாயை அச்சடிக்கப் போகுது, வர்றவங்க போறவங்க எல்லாம் பார்க்கப் போறாங்க. பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா? ஃபேன்சி ஸ்டோர்ல நகம் தேய்க்கிற அரம் ஒண்ணு வாங்கினேன். சனி, ஞாயிறு, திங்கள், மூணு சாயங்காலம், சீரியல் பார்த்துக்கிட்டே சொரசொரன்னு தேய்ச்சு வழவழன்னு ஆக்கிட்டேன். போட்டோவுக்குப் போறதுக்கு முன்னால தலை சீவிக்கிறதில்லையா? அது மாதிரிதான்.

ஆமாங்க, படம் பிடிச்சது வெள்ளிக்கிழமைதான். அதனால என்ன? மெஷின் வந்தது புதன்கிழமைதானே.

ஏன் கண்ணு அப்படிப் பார்க்கிறீங்க? இருங்க, முழுசாக் கேளுங்க.

முதல்ல வந்தது கறுப்பா, அகலமா ஒண்ணு. அதுக்குக் கறுப்பண்ணன்னு பேரு வெச்சேன். ரெண்டாவது சின்னது, ஆனா சத்தம், ஹாஸ்டல் வார்டன் மாதிரி விடாம கத்தும். மூணாவது தலையில ஆரஞ்சுக் கலர் மூடி போட்டது, அது தொப்பிக்காரர். மூணுக்கும் வேலை ஒண்ணுதான். தொட்டியில கஞ்சி மாதிரி ரெசினை ஊத்தணும். மேலிருந்து ஒரு தட்டு இறங்கி அதுல முங்கும். கீழேயிருந்து வெளிச்சம் படப்படக் கஞ்சி கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகி, தட்டு மேலே ஏறும்போது என் தாடை தலைகீழா வௌவாலாட்டம் தொங்கிக்கிட்டு வரும். அதை ஸ்பிரிட்ல கழுவி, காயவெச்சு, நீல வெளிச்சப் பெட்டிக்குள்ள வெச்சு இறுக்கணும். குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி செய்வா சிந்துஜா. கையுறை இல்லாம தொடவிட மாட்டா. என் தாடையை நானே தொடக்கூடாதாம்.

அப்புறம் சோதனை. அச்சு மேல மெல்லிசு பிளாஸ்டிக் தகட்டைச் சூடு பண்ணி அமுக்கினா, பல்லு வடிவத்துல ஒரு உறை வரும். அந்த உறைக்குள்ள பசையைத் தடவி என் வாயில மாட்டுவாங்க. அச்சு சரியா இருந்தா உறை பல்லோட ஒட்டி உக்காரும், பசையெல்லாம் வழிஞ்சு வெளியே வந்துடும். எங்கேயாவது பசை கனமா நின்னா, அங்கே இடைவெளி இருக்குது, அச்சு தப்புன்னு அர்த்தம்.

பதினஞ்சு பல்லுல கச்சிதம். அந்த ஒத்தைப் பல்லுல மட்டும் பசை திட்டா நின்னுச்சு. கால் மில்லிமீட்டருக்கு மேல.

டாக்டரம்மா அச்சைப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். அந்தக் கூர் அப்படியே நிக்குது, கோயில் கட்டலாம் போல. எனக்குக் கோபம் வந்துச்சு. மூணு சாயங்காலம் நான் கஷ்டப்பட்டு எடுத்ததை இது யாரைக் கேட்டுத் திருப்பி முளைக்க வெச்சுது? "டாக்டரம்மா, இது தப்பான மெஷின். என் பல்லுல கூரே கிடையாது. என் நாக்கால தடவித்தான் சொல்றேன்"னு அடிச்சுச் சொன்னேன். வாய்க்குச் சொந்தக்காரி சொன்னா அப்பீல் உண்டா? கறுப்பண்ணனைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

தேய்ச்சதை ஏன் சொல்லலைன்னா, யாரும் கேட்கலை. குளிச்சேன், தலை சீவினேன்னெல்லாம் ஆஸ்பத்திரியில சொல்லிக்கிட்டா இருப்போம்?

வார்டனும் அதே தப்பைப் பண்ணுச்சு. அதே பல்லு, அதே கூர். தொப்பிக்காரரும் அப்படியே. எனக்கு வெசனமாப் போச்சு, மூணு கம்பெனியும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி இருக்குதேன்னு. சிந்துஜா பாவம், தாடையைச் சாய்ச்சு அச்சடிச்சுப் பார்த்தா, நிமிர்த்தி அடிச்சுப் பார்த்தா, ஏசியைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்தா. அப்படித்தான் பத்தொன்பது ஆச்சு. ஒவ்வொண்ணையும் வெர்னியர் வெச்சு அளந்து, கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்தோட ஒப்பிட்டு நோட்டுல எழுதுவா. மத்தியானம் சோறு பாதியிலே எழுந்து போயிடுவா. "உனக்குக் கை நடுங்குதோ என்னமோ, ரசம் ஊத்திச் சாப்பிடு"ன்னு கூட அக்கறையா சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தா.

டாக்டரம்மாவும் அவளைத்தான் கேட்டாங்க. "மூணு மெஷினும் ஒரே தப்பைப் பண்ணாது சிந்து. நீ எங்கேயோ பிசகுறே." அதுக்கும் பதில் ரெண்டு வரிதான். "இல்லைங்க டாக்டர். இன்னொரு தடவை அளந்துட்டுச் சொல்றேன்."

அந்த நோட்டைத் தினம் சாயங்காலம் நான்தான் டாக்டரம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன். அவங்க கை கழுவிக்கிட்டே கேட்பாங்க. அன்னைக்கு நாற்காலியில ஒருத்தர் வாய் நிறையப் பஞ்சோட படுத்திருக்கார், ஜவுளிக் கடைக்காரர். கதவுக்கு வெளியே அஞ்சாறு பேர். நான் நல்லா உரக்கப் படிக்கிறேன். "பத்தொன்பதாவது அச்சு. படத்தோட ஒத்துப்போகுது. மூணு மெஷினும் சரி. வாய்தான் தவறு."

படிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. வாய்தான் தவறாம். யார் வாய்? என் வாய். என்னை வாயாடின்னு எழுத்துல எழுதி, என்னையே சத்தமாப் படிக்கவெச்சிருக்கா.

நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷிக்குக் கோபம் வருமா வராதா? என் சோத்தைத் தின்னுட்டு.

கூப்பிட்டேன். வந்தா. "இது என்ன எழுத்து?"ன்னேன்.

"உள்ளதுதான் எழுதினேன்க்கா."

"நான் எச்சாப் பேசுறேன்னு நீ எழுதுவியா?"

"பேச்சைச் சொல்லலை. வாயைச் சொன்னேன்."

கேட்டீங்களா? டாக்டரம்மா குறுக்கே வந்து, "சிந்து, பெரியவங்களைப் பத்தி நோட்டுல இப்படி எழுதலாமா? அக்கா வாயில என்ன தப்பு?"ன்னாங்க.

"நிறைய நாளாவே தப்பு இருக்கணும் டாக்டர். இவங்க வாயைத் திறந்தாலே தெரிஞ்சிடும்."

வெளியே இருந்த அஞ்சாறு பேரும் சிரிச்சாங்க. நாற்காலியில படுத்திருந்த ஜவுளிக் கடைக்காரர் சிரிச்சுப் பஞ்சு பூராவும் துப்பிட்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "அக்காகிட்டே மன்னிப்புக் கேளு"ன்னாங்க.

அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. "டாக்டர், அச்சும் படமும் ஒத்துப்போகுது, அப்ப மாறினது..."ன்னு ஆரம்பிச்சா. நான் விடலை. இருபத்திரண்டு வருஷம், முப்பத்தொரு பல்லு, என் ரசம், எல்லாத்தையும் சொன்னேன். கால் மணி நேரம் சொல்லியிருப்பேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப அவ கையுறையைக் கழட்டி மேஜையில வெச்சிருந்தா. "நான் எழுதினது சரிதான்"னா. போயிட்டா. மறுநாள் வரலை, ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுச் சொந்த ஊருக்கே போயிட்டா.

அன்னைக்கு ரசம் மீந்துச்சு. அடுத்த நாளும் மீந்துச்சு. அளவைக் குறைச்சு வெச்சுப் பார்த்தேன், கொஞ்சமா வெச்சா ரசம் நல்லா வரமாட்டேங்குது. தனியா சாப்பிட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சு போயிடுது கண்ணு. மத்தியானம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு.

சரி விடுங்க. கவுந்தப்பாடி தாண்டிட்டோமா? நேரமாச்சு, சுருக்கமா சொல்றேன்.

மூணு வாரம் கழிச்சு அந்த விற்பனைக்காரத் தம்பி தொப்பிக்காரரைத் தூக்கிட்டுப் போக வந்தார். கையில அந்தக் குச்சியும் இருந்துச்சு. "மேடம், என் மெஷின் தப்புப் பண்ணாது. ஒரே ஒருத்தருக்கு எடுத்துக் காட்டிட்டுப் போறேன்"னு பிடிவாதமா நின்னார். டோக்கன் வாங்கி உக்காந்திருந்த ஒரு வாத்தியாருக்குப் படம் பிடிச்சு, அச்சடிச்சு, உறை மாட்டினாங்க. ஒட்டி உக்காந்துச்சு. எங்கேயும் பசை நிக்கலை. ஒரு காலேஜ் பையனுக்கு எடுத்தாங்க. அதுவும் உக்காந்துச்சு. டாக்டரம்மாவே நாற்காலியில உக்காந்து தனக்கும் எடுத்துக்கிட்டாங்க. உக்காந்துச்சு.

அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. "நாகாக்கா, வாயைத் திறங்க."

திறந்தேன். லைட்டு அடிச்சாங்க. அந்தப் பல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. நான்தான் பேச்சில்லாம இருக்க முடியாதவ, ஆனா வாயில கண்ணாடி இருக்குதே. கடைசியில கண்ணாடியை எடுத்துட்டு, "இந்தப் பல்லை யாருக்கா தேய்ச்சது?"ன்னு கேட்டாங்க.

"நான்தான். வழவழன்னு இருக்குதில்ல?"ன்னேன்.

டாக்டரம்மா நாற்காலியிலேயே சாஞ்சுட்டாங்க. முதல்ல அழறாங்களோன்னு பயந்தேன். சிரிக்கிறாங்க. அந்தத் தம்பியும் சிரிக்கிறார், வாத்தியார் உறையோட சிரிக்கிறார். அப்புறம் சட்டுன்னு நிறுத்திட்டு, "மெஷின் சரி, வாய்தான் தவறு"ன்னு டாக்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. முகம் வாடிப் போச்சு. "அந்தப் பொண்ணு எழுத்துப் பிசகாம எழுதியிருக்குக்கா. நாமதான் படிக்கத் தெரியாம படிச்சோம்."

சாயங்காலம் போன் பண்ணினாங்க. மன்னிப்புக் கேட்டாங்க. சிந்துஜா "பரவாயில்லைங்க டாக்டர். திங்கக்கிழமை கோயமுத்தூர்ல சேர்றேன்"னா. ரெண்டு வரி. முடிஞ்சுது. டாக்டரம்மா போனை வெச்சுட்டு, "என்னால ஆகலை. நீங்க நேர்ல போங்க"ன்னாங்க. வர்றேன்னு நானும் அவளுக்குப் போன் பண்ணினேன். "எதுக்குக்கா?"ன்னா. "சும்மா"ன்னேன். "வாங்க"ன்னா.

இப்ப நான் அங்கே போய் என்ன சொல்றது? அதுதான் எனக்குத் தெளிவாகலை. ராத்திரியிலிருந்து சொல்லிப் பார்த்துக்கிட்டிருக்கேன். கேளுங்க.

"சிந்து, நடந்தது நடந்து போச்சு. ஆனா நீ பல்லு தவறுன்னு எழுதியிருக்கலாம். வாய்னு எழுதினா நாலு பேரு நாலு விதமாத்தான் எடுத்துக்குவாங்க." இது எப்படி இருக்குது? நல்லா இல்லையா?

சரி, இது. "சிந்து, தப்பு என் பேர்லயும் கொஞ்சம் இருக்குது. ஆனா பாரு, வாய் நல்லபடியா மாறினா மெஷினும் அதைத் தெரிஞ்சுக்க வேண்டாமா?" இதுவும் இல்லையா? ஏங்க, தெரிஞ்சுக்கணும்தானே? ஃபிரிட்ஜ் விலை குடுக்கிறோமே.

இன்னொண்ணு இருக்குது. "சிந்து, நீ இல்லாம ரசம்..." இல்லை, இதைச் சொல்ல மாட்டேன். இதைச் சொன்னா அழுதுடுவேன், அழுதா அப்புறம் விடாமப் பேசுவேன்.

என்ன சொல்றீங்க? ஒண்ணுமே பேச வேண்டாமா? இருபத்திரண்டு வருஷமா எல்லாரையும் பேசித்தான் சமாதானப்படுத்தியிருக்கேன் கண்ணு. பேசாம எப்படி ஒருத்தரைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றது?

கண்டக்டர், கரட்டடிபாளையம். ஆமா, பை என்னோடதுதான், நீங்க எடுக்க வேண்டாம், உடைஞ்சிடும்.

அதோ. பச்சைச் சுடிதார். அவதான். இளைச்சுப் போயிட்டா பாருங்க, வீட்டுல இருந்தும் சாப்பிடறதில்லை போல. கையில போனை வெச்சுக்கிட்டு என்ன பண்றா? லைட்டைப் போடறா. பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? வெயில் கொளுத்துது. கண்ணு சரியில்லையோ?

என்னடி சொல்றே? கேட்கலை. கண்டக்டர், ஒரு நிமிஷம் விசில் அடிக்காதீங்க. சிந்து, நான் வந்தது எதுக்குன்னா, நீ அன்னைக்கு எழுதினியே, அது வந்து...

பேச வேண்டாமா?

முதல்ல வாயைப் பார்க்கணுமா? பார்த்துட்டுத்தான் கோயமுத்தூருக்கு என்ன பதில் சொல்றதுன்னு முடிவு பண்ணுவியா? இங்கேயேவா? இத்தனை பேர் பார்க்கிறாங்கடி.

சரி. சரி.

ஆ...